பத்தொன்பது விழுக்காடு

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர்.
காதில் கறுப்புக் குமிழ், கையில் ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்தோணும், அவ்வளவுதான்.
இந்தப்பக்கம் நான், மடியில் பச்சை ஃபைல்.
பரிசோதிக்கிற பையன் திருகத் திருக
ஊசி ஏறிக்கொண்டே போகிறது.
முப்பதில் இல்லை.
நாற்பதில் இல்லை.
ஐம்பத்தைந்தில் எங்கோ
யாரோ கதவைத் தட்டியதுபோல்
நிமிர்ந்து பார்த்து அழுத்துகிறார்.

சோமனூரிலிருந்து விடியுமுன் கிளம்பி
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி
வெலிங்டன் ஆஸ்பத்திரிக்கு வருவது
இது மூன்றாம் தடவை.

உள்ளே மூன்று நாற்காலி.
நடுவில் இருந்தவருக்கு அடர்ந்த மீசை,
உதடு தெரியவில்லை எங்கூட்டுக்காரருக்கு.
ஒவ்வொரு கேள்வியையும் நான் மறுபடி சொன்னேன்.
"ரிடையர் ஆனப்புறம் என்ன தொழில்?"
"தறிங்க. எட்டுத் தறி."
பேனா சித்த நேரம் நின்றது, பிறகு எழுதியது.
இங்கிலீஷில் தறிக்கு நாலே எழுத்து,
தலைகீழாகவே எனக்குப் படிக்க முடிந்தது.

ஐயா, பதினேழு வருசம்
பீரங்கிக்கு அடியில் நின்னவருங்க,
காதில் பஞ்சு மட்டும் வைத்துக்கொண்டு.
தறி வாங்கினது நேத்து மாதிரிங்க.
அவர் ஃபைலைப் புரட்டினார்.
தேவ்லாலி, பயிற்சி மைதானம், அமைதிப் பகுதி.
சண்டை இல்லாத ஊரில்
பீரங்கி மெதுவாகத்தான் வெடிக்குமாக்கும்.

நாசிக்கிலிருந்து கடிதம் வந்தது.
பணியால் வந்ததுமல்ல,
பணியால் மோசமானதுமல்ல.
குறைபாடு: பத்தொன்பது விழுக்காடு.
இருபது இருந்தால் ஐம்பதாகவே கணக்கு வைப்பார்களாம்.
பத்தொன்பது, பத்தொன்பதேதான்.
நூல் எடை போடுகிற நாங்களே
ஒரு கிராமுக்கு முகம் சுளிக்க மாட்டோம்.

சங்கத்து சுபேதார் குழந்தைவேல்
கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.
"சேரும்போது காது எப்படி இருந்துச்சுங்க?"
தொண்ணூற்று நாலு, கோயமுத்தூர், ஆளெடுப்பு.
முதுகுக்குப் பின்னால் ஆறு மீட்டர் தள்ளி நின்று
டாக்டர் ஒரு எண்ணைக் கிசுகிசுத்தார்.
எழுபத்தாறு.
எழுபத்தாறு என்றார் இவரும்.
காது: குறையில்லை. கையெழுத்து, முத்திரை.
"அப்ப நிரூபிக்க வேண்டியது நாம இல்லீங்க, அவிய.
எங்கே கெட்டுதுன்னு காரணம் எழுதாம
எங்க கிட்ட கெடலைன்னு எப்படி எழுதறது?"
மேல்முறையீட்டுத் தாளை எனக்குத் தள்ளினார்.

எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறொன்று நினைவில்.
கல்யாணமாகி முதல் லீவு, என் அப்பன் தறிக்கூடம்.
எட்டில் ஒன்று நின்றுவிட்டால்
மிச்சம் ஏழின் சத்தத்தில் ஒரு பள்ளம் விழும்.
தூளியில் கிடக்கிற பிள்ளையும் அதற்குத் திரும்பும்.
நின்றுபோன தறிக்கு முதுகு காட்டி
இவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
நாங்கள் தறி வாங்க அப்போது
இன்னும் பதினோரு வருசம் இருந்தது.
இதை எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
நெருக்கி நெருக்கி எழுதினேன்.
பேர் கண்ணாத்தாள். உறவு மனைவி.

தறி ஓடும்போது நாங்கள் இருவரும் ஒன்று,
உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.
அதில் அவர் என்னைவிடக் கெட்டி.
இன்றைக்கும் அப்படித்தான்.
கூடத்து வாசலில், தறிகளுக்கு முதுகு காட்டி,
எங்கே கையெழுத்துப் போட்டாய்,
எத்தனை நகல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் போனது.
எட்டும் நின்றது. பக்கத்துக் கூடம் நின்றது.
தெரு முழுக்க
பானையைக் கவிழ்த்தாற்போல் அமைதி.
எதிர்வீட்டில் யாரோ தும்முவதுகூடக் கேட்டது.

அந்த அமைதியின் நடுவே
அத்தனை தறியையும் மிஞ்சுகிற குரலில்
ஹவில்தார் திருமூர்த்தி
என்னைப் பார்த்துக் கத்தினார்:
"தேதி போட்டயா?"